விழத் தெரிந்த பை

பைக் சாய்ந்து தரையைத் தொட ஒரு நொடிதான் ஆகும். தார்ச்சாலையில் அதற்குப் பெயர் விபத்து. உருண்டைக் கற்கள் கிடக்கும் ஓடையிலும், ஆற்று மணலிலும், பனி உருகி ஓடும் மலைப்பாதையிலும் அது அன்றாடம் நடப்பது. லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் விழாமல் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். ஆனால் விழுவோம் என்று வைத்துக்கொண்டுதான் மூட்டை கட்ட வேண்டும். அப்படி வண்டி விழும்போது தரையில் மோதுபவை ஹேண்டில்பாரின் முனை, கால்மிதி, பிறகு பின்னால் இருபுறமும் தொங்கும் பை. முதல் இரண்டும் உலோகம். மூன்றாவது துணி.

அந்தத் துணி, 200 கிலோ வண்டிக்கு அடியில் அகப்பட்டுக் கூரான கல்மேல் இழுபடும். சற்று நேரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கும். மதியம் சுட்டெரிக்கும் வெயிலிலும் இரவு உறைபனியிலும் நிற்கும். இத்தனைக்கும் பிறகு உள்ளே இருக்கும் ஸ்லீப்பிங் பேக்கும் மாற்றுத்துணியும் காய்ந்தே இருக்க வேண்டும். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் நனைந்த ஸ்லீப்பிங் பேக்கோடு ஓர் இரவைக் கழிப்பது சங்கடம் மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்து. ஆகவே இதை ஒரு துணைப்பொருளாக நினைத்துக் கடைசி நேரத்தில் வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஹெல்மெட்டுக்கும் டயருக்கும் அடுத்த இடம் பைக்கு உண்டு.

உறுதியான பை என்றால் எதற்கும் அசையாத பை என்று நினைத்துக்கொள்கிறோம். பை செய்யும் தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் செய்த பைகளைப் பிரித்துப் பார்த்தால் தெரிவது வேறு. எந்த இடம் தேயலாம், எந்த இடம் நழுவலாம், எந்த இடம் முதலில் உடையலாம் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்யப்பட்டவை அவை. உடைந்த இடத்தை வழியிலேயே சரிசெய்து, மேலே போக முடிய வேண்டும் என்பதுதான் அவற்றின் கணக்கு.

பெட்டியும் கெண்டைக்காலும்

2004-ல் நடிகர்கள் இவான் மெக்ரிகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, மத்திய ஆசியா, மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 'லாங் வே ரவுண்ட்' என்ற தொலைக்காட்சித் தொடராக அது வந்தது. அவர்கள் ஓட்டியது பிஎம்டபிள்யூ ஆர்1150ஜிஎஸ் அட்வெஞ்சர். இருபுறமும் பெரிய உலோகப் பெட்டிகள். அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நெடும்பயண பைக் என்றாலே அந்தப் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். அதே தொடரில், மங்கோலியாவின் சேற்றுப் பாதைகளில் அவர்கள் பட்ட பாட்டையும் பார்க்கலாம். கூடவே வந்த ஒளிப்பதிவாளரின் பைக்கில் சட்டம் முறிந்துபோக, அங்கேயே ஒரு ரஷ்ய பைக்கை வாங்கி அவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெட்டியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பூட்டலாம், மழைக்குப் பயமில்லை, கூடாரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்டு உட்காரலாம். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நெடுஞ்சாலையிலேயே போகிறவருக்கு நான் பெட்டியைத்தான் சொல்வேன். சிக்கல் சாலை முடியும் இடத்தில் தொடங்குகிறது.

ஆழமான மணலிலோ கூழாங்கற்களிலோ வண்டி தள்ளாடும்போது, ஓட்டுபவர் தன்னை அறியாமல் காலை ஊன்றுவார். வண்டி முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். ஊன்றிய கால் அதே இடத்தில் நிற்கும். அடுத்த கணம் பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலில் வந்து இடிக்கும். கால் தரைக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகள் முறியும். மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் பெட்டி மாட்டிய வண்டிக்காரர்களிடம் முதலில் சொல்வது, காலை மிதியிலிருந்து எடுக்காதே என்பதைத்தான். பயத்தில் உடம்பு செய்வதைப் பாடம் சொல்லி எவ்வளவு மாற்ற முடியும்? துணிப்பை இடித்தால் மடங்கும், நசுங்கும், கால் வழுக்கி வெளியே வந்துவிடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்டி விழும்போது அந்த இடி எங்கும் உறிஞ்சப்படுவதில்லை. பெட்டியிலிருந்து ரேக்குக்கும், ரேக்கிலிருந்து வண்டியின் பின்சட்டத்துக்கும் நேராகப் போகிறது. பெட்டியின் வாய் கோணி மூடி உட்காராமல் போனால் சுத்தியலால் தட்டி ஒருவாறு சமாளிக்கலாம். பின்சட்டம் வளைந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும். துணிப்பையில் அந்த விசையின் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் உடைகளே வாங்கிக்கொள்கின்றன. எதை எந்தப் பக்கம் அடுக்குகிறோம் என்பதும் இதனால் வடிவமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வெளிப்பக்கமாக மெத்தென்ற துணிகள், வண்டியை ஒட்டிய பக்கம் கருவிகள்.

எடை உட்காரும் இடம்

ஒரு பெட்டி ஜோடியையும் அதைத் தாங்கும் ரேக்கையும் காலியாக எடை போட்டாலே 15 கிலோ வருவது சாதாரணம். ரேக் இல்லாமல் இருக்கைமேல் குறுக்கே போட்டுக் கட்டும் துணிப்பை நாலைந்து கிலோவில் முடிந்துவிடும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற, 150 கிலோவை ஒட்டிய சின்ன வண்டிக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இது பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரு பொருளைத் திருப்புவதற்கு ஆகும் சிரமம், சுழலும் மையத்திலிருந்து எடை இருக்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வண்டியின் நடுமையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் 5 கிலோ கூடாரத்தை, பின்கேரியரின் நுனியில் 60 செ.மீ. தள்ளிக் கட்டினால் அது கொடுக்கும் தொல்லை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வால்பக்கம் கனத்தால் முன்சக்கரம் லேசாகி, மணலில் சொன்ன பேச்சைக் கேட்காது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற ஊரில் 2008-ல் தொடங்கிய ஜயண்ட் லூப் நிறுவனம் இந்தக் கணக்கை ஒரு வடிவமாகவே ஆக்கிற்று. குதிரை லாட வடிவில் ஒரே பை. அது இருக்கையின் பின்பாதியைச் சுற்றிப் படுத்து, இரண்டு கைகளையும் ஓட்டுபவரின் தொடைவரை முன்னே நீட்டுகிறது. எடை முன்னாலும் கீழாகவும் வந்து உட்காருகிறது. ரேக் வேண்டாம், துளை போட வேண்டாம். வண்டி விழுந்தால் பை சற்று நழுவும். இழுத்துச் சரிசெய்துகொண்டு போகலாம். குறையும் உண்டு. லாட வடிவப் பையை அடுக்குவது பெரிய வேலை. அடியில் இருக்கும் பொருள் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஒயிட் சாமன் என்ற சிற்றூரைச் சேர்ந்த மாஸ்கோ மோட்டோ, 2014-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிச் சந்தைக்கு வந்தது. அவர்கள் எடுத்த வழி வேறு. ரேக்கில் ஆப்பு வடிவத் தகடு ஒன்று. பையின் முதுகில் அதற்குப் பொருந்தும் இன்னொன்று. மேலிருந்து இறக்கினால் பிடித்துக்கொள்ளும். தங்குமிடம் வந்தால் கழற்றித் தூக்கிக்கொண்டு போகலாம். தினமும் இரவு வேறு ஊரில் தங்குகிறவர்களுக்கு இந்த வசதி அருமையானது. இரண்டு வழியில் எது சரி என்று கேட்டால், பாதை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு ரேக்கிலிருந்து விலகுங்கள் என்பேன்.

நம் நாட்டில் இந்தக் கதைக்குத் தனி வரலாறு இருக்கிறது. புல்லட்டில் லடாக் போனவர்கள் வண்டியின் பின்பக்கம் சுற்றி இரும்புக்குழாயில் ஒரு சட்டம் பற்றவைத்துக்கொண்டார்கள். 'லடாக் கேரியர்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. பெட்ரோல் கேன், மூட்டை, கூடாரம் எல்லாம் அதில்தான். கனம் அதிகம், பற்றவைத்த இடம் அதிர்வில் விட்டுப்போகும். ஆனால் எந்தக் கிராமத்து வெல்டிங் பட்டறையிலும் மறுபடி பற்றவைத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் குணத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு சென்னையை அடுத்த தன் ஆலைகளிலிருந்து ஹிமாலயன் வண்டியை வெளியிட்டபோது, பை கட்டுவதற்கான இடங்களை வண்டியோடு சேர்த்தே யோசித்த இந்திய பைக் ஒன்று சாதாரண மக்களின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு இங்கே நல்ல துணிப்பைகளுக்கான சந்தையும் வளர்ந்தது.

துணி என்ன சொல்கிறது

பை விளம்பரங்களில் 1000டி, 1680டி என்று எண்கள் இருக்கும். 'டி' என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை. இது நூலின் தடிமனைச் சொல்கிறதே ஒழிய, நூலின் தரத்தைச் சொல்வதில்லை. மலிவான பாலியஸ்டரிலும் 1000 டெனியர் துணி நெய்யலாம். கார்டுரா என்ற பெயரில் வரும், வலுக்கூட்டிய நைலான் 6,6 இழையிலும் நெய்யலாம். கல்லில் தேய்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு இழையின் பெயரைச் சொல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

தேய்வது வேறு, கிழிவது வேறு, குத்துப்படுவது வேறு. நைலான் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஸ்பிதிப் பக்கத்துச் சிலேட்டுப் பாறையின் விளிம்பு கத்திமுனையாக இருக்கும். அது தேய்ப்பதில்லை, அறுக்கிறது. அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள் பை முழுவதையும் கனத்த துணியில் தைப்பதில்லை. விழும்போது தரையைத் தொடும் கீழ்மூலை, வெளிப்புற விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் இன்னொரு கவசம் வைக்கிறார்கள். ஹைப்பலான் அப்படிப்பட்ட ஒரு பொருள். காற்றடைத்த மீட்புப் படகுகளுக்கான செயற்கை ரப்பர் அது. டூபாண்ட் நிறுவனம் 1951-ல் கொண்டுவந்தது. வெயில், எண்ணெய், உப்புத்தண்ணீர் எதற்கும் சளைக்காது. 2010-ல் டூபாண்ட் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. பை உலகில் பழைய பெயரே புழங்குகிறது.

தண்ணீர் புகாமல் இருக்கத் துணிமேல் பூசும் பூச்சில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த பைகளின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அதன் மலிவான வகைகள் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பரண்மேல் இரண்டு மூன்று மழைக்காலம் கிடந்த பையைத் திறந்தால் உட்புறம் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், செதில் செதிலாக உரியும், ஒரு புளித்த வாடை வரும். பயன்படுத்தாமலே வீணாகும் பை அது. ஐரோப்பாவின் குளிர்ந்த காற்றில் பத்தாண்டு இருக்கும் பூச்சு, கடற்கரை ஊர்களில் அதில் பாதிகூட இருப்பது சந்தேகம். இங்கே விற்கும் பை இந்த ஈரத்தைத் தாங்குமா என்று சோதிப்பது முக்கியம்.

லாரித் தார்ப்பாயில் இருக்கும் பிவிசி இதற்கு நல்ல பதில்தான். மலிவு, மழைக்குத் தாங்கும், கிழிந்தால் ஒட்டுப்போடலாம். ஆனால் பிவிசியை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி. உறைபனியில் அது விறைத்து, மடிக்கும் இடத்தில் வெடிக்கப் பார்க்கும். மணாலி–லே வழியிலுள்ள பாங்கிலோ சார்ச்சுவிலோ கூடாரத்துக்கு வெளியே இரவெல்லாம் கிடந்த பையைக் காலையில் சுருட்டி மூடும்போதுதான் இந்தக் குறை தெரியும். குளிர்நாட்டுப் பயணத்துக்குச் செய்யும் நல்ல பைகளில் பிவிசிக்குப் பதிலாக டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) பூச்சு இருப்பது இதனால்தான். விலை கூடுதல். குளிரிலும் வளையும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். லே ஊரே 3,500 மீட்டரில் இருக்கிறது. நைலான் நூல் வெயிலில் வலுவிழக்கும். பாலியஸ்டர் அதைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே துணி நைலானாக இருக்கட்டும், வெளியே தெரியும் தையல்நூல் பாலியஸ்டராக இருக்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

தையலா, ஒட்டா?

1981-ல் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போன ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் மழையில் நனைந்து, பையிலிருந்த சாமான்களும் நனைந்து நொந்துபோனார். சாலையில் அவரைத் தாண்டிப் போன லாரிகள் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கை நனையாமல் கொண்டுபோயின. ஊர் திரும்பி லாரித் தார்ப்பாயை வெட்டித் தனக்குப் பை தைத்துக்கொண்டார். மறு ஆண்டே நிறுவனம் தொடங்கினார். ஹைல்ஸ்பிரான் என்ற ஊரில் இன்றும் நடக்கும் அந்த ஆர்ட்லீப் நிறுவனம்தான் வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டி மூடும் பையைப் பயணிகளிடையே பரவலாக்கியவற்றுள் முன்னோடி. பைக் பைகளில் பாதி அந்தச் சைக்கிள் பையின் வாரிசுகள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தார்ப்பாய் தைக்கும் கைகளுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது என்று நினைக்கும்போது எனக்கு ஆசையாக இருக்கிறது.

துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தைத்தால் ஊசி துளை போடும். துளை வழியே தண்ணீர் வரும். தையலை நெருக்கமாக அடித்தால் பலம் கூடும் என்பது பாதி உண்மைதான். அளவுக்கு மேல் நெருக்கினால் தபால்தலைத் தாளைப்போல அந்த வரிசையிலேயே கிழியும். கனத்த துணிக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் போதும். நூல் தடிமனாக இருக்க வேண்டும். துளைகளை மறைக்க உட்புறம் ஒட்டும் நாடா, புதிதில் நன்றாக இருக்கும். மடங்கி மடங்கி ஒருநாள் உரியும்.

இதற்கு மாற்று, தைக்காமல் உருக்கி ஒட்டுவது. பிவிசி, டிபியு போன்ற பொருள்களை அச்சுக்கு நடுவே அழுத்தி உயர் அதிர்வெண் மின்புலத்தில் வைத்தால் மூலக்கூறுகள் அதிர்ந்து சூடேறி இரண்டு படலமும் ஒன்றாகும். தொழிற்சாலைகளில் இதற்கென்று பெரும்பாலும் பயன்படுவது 27.12 மெகாஹெர்ட்ஸ். ஊசித்துளையே இல்லாததால் பை ஓடையில் மூழ்கினாலும் உள்ளே காய்ந்திருக்கும். ஆனால் கல் குத்தி ஒரு சிறு துளை விழுந்தால் காவல் முழுக்கப் போய்விடும். கனமான நாடாவை அதில் தைக்கவும் முடியாது.

இந்த இழுபறிக்கு வந்த தீர்வுதான் என்னை இந்தத் தொழிலின்மேல் மரியாதை கொள்ளவைத்தது. ஒரே துணி எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது. வெளிப்பை தேய்மானத்தையும் அடியையும் வாங்கும். அதில் தண்ணீர் புகுந்தால் புகட்டும். உள்ளே தனியாக ஒரு மெல்லிய, ஒட்டிச் செய்த உறை; அதன் ஒரே வேலை தண்ணீரைத் தடுப்பது. சுமையைத் தாங்குவது இரண்டும் இல்லை, பையைச் சுற்றி ஓடும் நாடா. வெளிப்பை கிழிந்தால் எந்தச் செருப்புத் தைப்பவரும் தைத்துக் கொடுப்பார். தையல் துளையால் ஒன்றும் கெட்டுவிடாது. உள்ளுறை ஓட்டையானால் வேறு உறை போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனின் கிரீகா நிறுவனம் தன் பைகளில் கழற்றக்கூடிய உள்ளுறையை வெள்ளை நிறத்தில் வைக்கிறது. கறுப்புப் பைக்குள் கறுப்புச் சார்ஜரைத் தேடி அலுத்தவர்களுக்கு அந்த வெள்ளையின் அருமை புரியும். பைகளுக்குப் பத்தாண்டு உத்தரவாதமும் தருகிறார்கள்.

நாடா தைக்கப்படும் இடத்தையும் சொல்ல வேண்டும். திருப்பூர்த் தையல்கூடங்களில் 'பார்டாக்' என்பார்கள். ஜீன்ஸ் பாக்கெட்டின் ஓரத்தில் குறுக்காக நெருக்கி அடித்திருக்குமே, அந்தச் சிறு தையல்தான். பையின் ஒவ்வொரு நாடா முனையிலும் அது இருக்க வேண்டும். பெரிய சுமை ஏறும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தைத்திருக்க வேண்டும். நாடாவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுப்பு தையல் வரிசை முழுவதும் பரவினால் நல்ல வேலை. ஒரு முனையிலிருந்து உரிந்துகொண்டு வருவதுபோல் இருந்தால், அங்கேதான் ஒருநாள் பிய்யும்.

காற்றும் தூசியும்

பையில் முதலில் சாவது ஜிப். ஜிப்பின் பற்கள் நல்லவைதான். மாவாக அரைபட்ட மலைத்தூசி பற்களுக்கும் அவற்றை மூடித் திறக்கும் ஓடிக்குமிடையே புகுந்து ஓடியைத் தேய்த்துவிடுகிறது. பிறகு ஓடி போகும், பற்கள் மூடாது. தண்ணீர் புகாத ஜிப் என்று விற்பவையும் தூசிக்கு விலக்கில்லை. பயணத்துக்கு உயிரான எந்த மூடியையும் ஜிப்பை நம்பி விடக் கூடாது என்பது என் கருத்து. வரைபடம், பிஸ்கட் வைக்கும் சின்னப் பாக்கெட்டுக்கு ஜிப் இருக்கட்டும். முக்கிய வாய் சுருட்டி மூடுவதாக இருக்கட்டும்.

சுருட்டி மூடும் பைக்கும் மலையில் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. மணாலி 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே போகும் வழியிலுள்ள டங்லங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மணாலியில் இறுக்கி மூடிய பைக்குள் இருக்கும் காற்று அங்கே போகும்போது ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். பை உப்பிக்கொண்டு, நாடாக்கள் விறைத்து, ஒட்டு விடக்கூடும். இறங்கும்போது எதிர்மாறு, பை சுருங்கி, கட்டு தளர்ந்து, ஆடத் தொடங்கும். காற்றை வெளியேற்றும் சிறு வால்வு வைத்த பைகள் இதனால்தான் வந்தன. வால்வு இல்லாதவர்கள் கணவாயின் இருபுறமும் நின்று கட்டைச் சரிபார்க்க வேண்டும்.

ஆடும் பை தன்னையும் அழிக்கும், வண்டியையும் அழிக்கும். பைக்கும் வண்டியின் பிளாஸ்டிக் பக்கத் தகட்டுக்கும் நடுவே சேரும் மண், அதிர்வோடு சேர்ந்து ஓயாமல் இரண்டையும் உரசிக்கொண்டே இருக்கும். பெயின்ட் போகும், பிறகு துணி போகும். பாதிக் காலியான பை நிறைந்த பையைவிட வேகமாகத் தேய்வது இதனால்தான். உள்ளே இருக்கும் ஸ்பேனரும் அடுப்பும் உள்ளிருந்தே துணியை அறுக்கின்றன. நல்ல பையில் சுமை குறைந்தால் இறுக்கிக்கொள்ளப் பக்கவாட்டு நாடாக்கள் இருக்கும். பையை வாங்கும்போது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பவர்கள், எத்தனை லிட்டருக்குச் சுருங்கும் என்றும் கேட்க வேண்டும்.

சைலன்ஸர் பக்கம், சேலைப் பக்கம்

நைலான் 6,6 உருகுவது 260 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே. பூச்சுகள் அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். உலகில் மிக வலுவான இழைகளில் ஒன்றாகப் பெயரெடுத்த டைனீமாகூட 150 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும். மலையேற்றத்தில் முதல் கியரில் திணறும் எஞ்சினின் சைலன்ஸர்க் குழாய் இதையெல்லாம் எளிதாகத் தாண்டும். நிற்கும்போது நான்கு விரல் இடைவெளி இருக்கிறதே என்று நம்பக் கூடாது. பள்ளத்தில் குதித்துச் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பை ஆடிவந்து குழாயில் ஒட்டும். துணியைவிட விலை குறைந்த ஒரு தகரக் கவசம் இங்கே பையைக் காப்பாற்றும். சைலன்ஸர் இருக்கும் பக்கத்து வலது பை இடது பையைவிடச் சிறிதாகவும் மேலேறியும் இருப்பதை வடிவமைப்புப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

இடதுபக்கம் நமக்கு வேறொரு வசதி. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்க, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. சாரி கார்டு என்று எல்லாரும் சொல்லும் அதுதான். பயணம் போகிறவர்கள் பலர் அழகைக் கெடுக்கிறது என்று முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுகிறார்கள். பை சக்கரத்துக்குள் போகாமல் தாங்கும் நல்ல இரும்பு அது. கழற்றாதீர்கள். சேலை முந்தானைக்கு இருக்கும் ஆபத்துதான் பையின் நாடா முனைக்கும் இருக்கிறது. காற்றில் படபடக்கும் ஒரு நாடா, செயினிலோ ஸ்போக்கிலோ சுற்றினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாடாவின் மிச்சத்தையும் சுருட்டிச் செருக வளையமோ வெல்க்ரோவோ வைக்காத பையை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பஞ்ஜி கயிறு வேண்டவே வேண்டாம். அது இழுபடும், இழுபடும் கட்டு கட்டே இல்லை. அதன் கொக்கி தெறித்தால் கண் போகும்.

காஜாவில் தைக்க முடியுமா?

பெங்களூரின் வயாடெர்ரா, மும்பையின் ரைனாக்ஸ் என்று இந்தியாவிலேயே இப்போது நல்ல பைகள் உருவாகின்றன. வயாடெர்ராவின் 'கிளா' போன்ற பைகளை ரேக் இல்லாத வண்டியிலும் இருக்கைமேல் கட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பையின் இறக்குமதி விலையில் பாதிப் பயணத்தையே முடித்துவிடலாம் என்னும்போது, இவற்றின் வருகை பெரிய விஷயம். இந்த நிறுவனங்களிடம் எனக்கு உரிமையோடு கேட்க மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன.

துணியின் இழை, பூச்சின் வகை, தையல்நூலின் பெயர் மூன்றையும் பை உள்ளே தைத்த சீட்டில் அச்சிடுங்கள். ஹெல்மெட் வாங்குபவர் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் பைக் ஓட்டும் சட்டைக்குத் தேய்மானத்தையும் சோதிக்கும் ஈஎன் 17092 என்ற தரநிலை இருக்கிறது. பை வாங்குபவருக்கு விளம்பரத்தின் வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

பழுது பார்ப்பதை வடிவமைப்பிலேயே கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பக்கிள் உடையும். யாராவது மிதித்தால் உடையும், கல்லில் பட்டால் உடையும். உடையட்டும், பக்கிள் உடைந்தால் நாடா தப்பித்தது, நாடா பிய்ந்தால் துணி தப்பித்தது. ஆனால் உடைந்ததை மாற்ற, தையலைப் பிரிக்க வேண்டியிருக்கக் கூடாது. குறுக்குக்கம்பியில் ஒரு வெட்டு விட்ட பக்கிள்கள் சந்தையில் உண்டு. தைத்திருக்கும் நாடாவை அந்த வெட்டு வழியே நுழைத்துக்கொள்ளலாம், ஊசியே வேண்டாம். விலை வித்தியாசம் சொற்பம். ஸ்பிதியின் காஜாவில் பைக் மெக்கானிக் கிடைப்பார், செருப்புத் தைப்பவர் கிடைப்பார். உங்கள் நிறுவனத்தின் சேவை மையம் கிடைக்காது. அவர்களுடைய ஊசிக்கும் நூலுக்கும் எட்டும் இடத்தில் பையின் பாரம் தாங்கும் தையல்கள் இருக்க வேண்டும். எட்டு அடுக்குத் துணிக்கு நடுவே புதைத்துத் தைத்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது கோரிக்கை, உதிரிப்பாகங்களைத் தனியாக விற்க வேண்டும் என்பது. ஒரு பக்கிளுக்காக, ஓர் உள்ளுறைக்காகப் பை முழுவதையும் தூக்கிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துணி இன்னும் பத்துப் பயணம் தாங்கும் நிலையில் இருக்கும். உள்ளுறை, பக்கிள், நாடா, சைலன்ஸர்க் கவசம் நான்கையும் விலை போட்டு, பை விற்கும் அதே கடையில் வைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மணாலி–லே பாதை திறப்பதற்கு முன்பே அவை கடைக்கு வந்துவிட வேண்டும்.